கொம்பையா அடித்த கடைசிப் பந்து

கொம்பையா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. நடந்ததைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்லுவார், அவ்வளவுதான். எவ்வளவு பெருக்குவார் என்பதை அவர் பொண்டாட்டி பூரணத்திடம்தான் கேட்க வேண்டும். மகள் இந்துமதியைப் பார்க்க வந்த ரெண்டு மாப்பிள்ளை வீட்டாரும் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்களே, அதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இத்தனைக்கும் அடியில் உண்மை இல்லாமல் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லில், பேஸ்பால் என்கிற அமெரிக்கக் கட்டைப்பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தார்கள். ஆறு வருஷம் ஆடினார். அடி பலம்தான். ஒருநாள் மானேஜர் காரின் முன்கண்ணாடி போனது, வேலையும் போனது. அமெரிக்காவிலும் ஆடினதாகச் சொல்லுவது அதற்குப் பிறகு அவராகச் சேர்த்துக்கொண்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூணாவது இடம், சிவகிரியிலிருந்து. பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. போட்டோவைப் பார்த்த இந்துமதி முதல் தடவையாக "சரிம்மா" என்று சொல்லியிருந்தாள். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம்.

"நாலு நாள் தாடியோட வந்து நிக்காதீங்க" என்றாள் பூரணம். "போயி மழிச்சிட்டு பத்தரைக்குள்ள வந்து சேருங்க. வந்தவுடனே வாயை மூடிக்கிட்டு உக்காரணும். அந்தக் கட்டை, பந்து, அமெரிக்கா, இதுல ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சு, நான் என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

"வீட்டுல வாயே திறக்க மாட்டேன்" என்று கொம்பையா சாமி படத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். சலூனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லிங்கத்துரையின் சலூன். ஒரே நாற்காலி. கொம்பையா நுழைந்தபோது ஒன்பதே கால். நாற்காலியில் ஒருத்தர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் வரிசையாக மூணு பேர். முதலில் மஞ்சள் பை வைத்த வெளியூர்க்காரர் ஒருத்தர், அடுத்து ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் நமச்சிவாயம், கடைசியில் லாரி டிரைவர் சப்பாணி. கொம்பையா மனசுக்குள் கணக்குப் போட்டார். முறைப்படி உட்கார்ந்தால் தன் கன்னத்தில் சோப்பு படும்போது மணி பதினொண்ணு. மாப்பிள்ளை வீட்டார் வந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிக்கு மேலே சுண்ணாம்பால் எழுதிப் போட்டிருக்கும்: 'கடைக்குள் ஒருவர் பேச்சைக் கேட்டுப் புளுகு என்று சொன்னவர் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்.' முன்னொரு நாள் யாரோ கதை சொல்ல, யாரோ புளுகு என்று கத்த, நாற்காலியில் இருந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பியதில் பாதி மீசை போய்விட்டது. மறுநாள் அவருக்குக் கல்யாணம். அன்றைக்கு எழுதினது.

கொம்பையா சட்டத்தை ஒரு தடவை படித்தார். சத்தியம் வீட்டுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"மில்லு டீமுல ஆடுன காலத்துல ஒருநாள் ஒரு அடி அடிச்சேன் பாருங்க..."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றார் சப்பாணி.

"கட்டையா அது? எங்கம்மா நெல்லு குத்துன உலக்கை. இரும்புப் பூண் கழட்டாம அப்படியே கொண்டு போயிருந்தேன். பந்து மில்லு புகைபோக்கியைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி, கழுகுமலை ரோட்டுல நின்ன ஒரு சிமெண்டு லாரி முதுகுல போய்ப் பட்டுச்சு. டிரைவரு உள்ள படுத்துத் தூங்குதாரு. லாரி கிளம்பிருச்சு."

சப்பாணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கிளம்புச்சா?"

"கிளம்பி நேரா மதுரை. டிரைவரு இன்னும் முழிக்கல. டீசல் முள்ளு அசையல. மதுரையில ஒரு அமெரிக்காக்காரன் மல்லிகைப்பூ விலை கேட்டுக்கிட்டு நிக்கான். அவன் காலுக்கிட்டப் போய் லாரி நின்னுச்சு. பந்தைத் தொட்டுப் பாக்கான், கை சுடுது. இதை அடிச்சவன் எவன்னு கேட்டு அந்த லாரியிலேயே ஏறி வந்துட்டான்."

"ரிவர்ஸ்லயா வந்துச்சு?"

"டிரைவரு தூங்கும்போது வேற எப்படி வே வரும்?"

"லோடு வண்டி, ஆளு தூங்க, டீசல் இல்லாம ரிவர்ஸ்ல மதுரையிலேர்ந்து..." சப்பாணிக்கு இருபது வருஷ ஸ்டியரிங் அனுபவம். மனுஷன் தாங்கவில்லை. "புளுகு!"

லிங்கத்துரை சீப்பால் கண்ணாடியைத் தட்டினார். சப்பாணி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து கடைசிக்குப் போனார். கொம்பையா ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தார். வெளியூர்க்காரர் மட்டும் தலையை ஆட்டி, "நடந்திருக்கும்" என்றார்.

கொம்பையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்புறம் அமெரிக்கா. டீம் பேரைச் சொன்னா உங்க வாயில நுழையாது. என்னை அவுட்ஃபீல்டரா நிறுத்துனாங்க. அப்படின்னா எல்லாருக்கும் பின்னால, வேலி ஓரமா நிக்க ஆளு. அடிச்ச பந்து தரையில படாம நான் பிடிச்சா, அடிச்சவன் அவுட்டு. பிடிச்சு எறிவேன் பாருங்க சார், அந்த வேகத்துக்கு நான் எறிஞ்ச பந்து அவன் அடிக்கதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துரும். பல பேரு அடிக்காமலே அவுட்டு."

நமச்சிவாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேகம், தூரம், நேரம்" என்று விரல் விட்டார். "நேரம் மைனஸ்ல வருதுப்பா."

"அமெரிக்காவுல நம்மளவிடப் பத்து மணி நேரம் பின்னால சார். மைனஸ்ல தான வரும்."

வாத்தியார் பல்லைக் கடித்தார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. 'வாய்ப்பில்லை' என்றார், 'பரிசீலிக்கணும்' என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகள் விடைத்தாளைத் திருத்தியவர், லேசில் மாட்டுகிற ஆளா? மணி பத்தாகப் போனது. சாயம் பூசியவர் எழுந்துவிட்டார். வெளியூர்க்காரர் நாற்காலிக்குப் போகாமல், "கதை முடியட்டும்" என்று நின்றுவிட்டார். கொம்பையா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துபடி சார்" என்று மெதுவாக எடுத்தார். "பத்தாங்கிளாஸ்ல நீங்கதான எனக்குக் கணக்கு எடுத்தீங்க. முழுப்பரிச்சையில தொண்ணூத்தெட்டு வாங்கினேன்ல."

"புளுகு!" வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "பதினொண்ணு! அதுலயும் ரெண்டு மார்க்கு கையெழுத்துக்குப் போட்டேன்."

சொன்ன பிறகுதான் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பேசாமல் போய் சப்பாணிக்குப் பின்னால் உட்கார்ந்தார். மிச்சம் இருந்தது வெளியூர்க்காரர் ஒருத்தர்தான்.

"கடைசி அடியைச் சொல்லிருதேன் அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "நேரா மேல அடிச்சேன். ஐம்பதாயிரம் சனமும் அண்ணாந்து பாக்கு. பந்து வரல. இருட்டுச்சு, வரல. மறுநாள் வரல. நிலாவுல போய் இடிச்சிருக்கு. பௌர்ணமிக்குப் பாருங்க, வலது ஓரத்துல தடம் இருக்கும். பந்து கீழ வராம அம்பயர் எப்படித் தீர்ப்புச் சொல்லுவான்? அந்த ஆட்டம் இன்னும் முடியல. இருபத்தஞ்சு வருஷமா நான் அவுட்டே ஆகாம இருக்கேன்."

வெளியூர்க்காரர் மஞ்சள் பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பந்துதானா அது?" என்றார்.

"எது?"

"எங்க ஊருல வந்து இறங்குச்சே. ஆடி மாசம். மொட்டைமாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டு நிக்கேன். மேலேர்ந்து வெள்ளையா ஒண்ணு வருது. கையில வத்தல் தட்டு. கீழ போட்டா என் வீட்டுக்காரி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. தட்டைத் தலையில வச்சேன். இடது கையால பிடிச்சேன். நிலாவுல பட்டு வந்ததுனால ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஒரு வத்தல் சிந்தல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தரையில படாமப் பிடிச்சா என்னன்னு சொன்னீங்க?"

பின்னால் சப்பாணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க எங்க எதிர் டீமுல ஆளு இல்லையே அண்ணாச்சி."

"எல்லாருக்கும் பின்னால நிக்கவந்தான் அவுட்ஃபீல்டருன்னு நீங்கதான சொன்னீங்க. அமெரிக்காவுல அடிச்ச பந்துக்கு எங்க ஊரைவிடப் பின்னால எவன் நின்னான்?"

அந்த வார்த்தை கொம்பையாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் இருபத்தைந்து வருஷப் பெருமை பிழைக்கும். சொன்னால் வாத்தியாருக்கும் பின்னால் போய் உட்கார வேண்டும். மணி பத்தேகால். இந்துமதி "சரிம்மா" என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது.

"அவுட்டுதான்" என்றார்.

வெளியூர்க்காரர் திருப்தியாகப் போய் நாற்காலியில் சாய்ந்தார். லிங்கத்துரை சோப்பு தடவி, ஒரு கன்னத்தை வழித்துவிட்டு, அடுத்த கன்னத்துக்குத் திரும்பும்போது அவர் கேட்டார்.

"ஏன் தம்பி, இந்த ஊருல கொம்பையான்னு ஒருத்தர் வீடு எங்க இருக்கு? பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கோம். பையனும் வீட்டுப் பொம்பளைங்களும் கோயிலுக்குப் போயிருக்காங்க. நல்ல அடக்கமான மனுஷன்னு தரகரு சொன்னாரு."

லிங்கத்துரையின் கத்தி அந்தரத்தில் நின்றது. தெற்கே ஏழு கிலோமீட்டர் என்று கைகாட்டி விடலாமா என்றுகூடக் கொம்பையாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

"நான்தான் அண்ணாச்சி கொம்பையா" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து பெருக்காமல் வந்த முதல் சேதி. லாரி ரிவர்ஸில் வந்ததை நம்பியவர், நிலாவில் பந்து பட்டதை நம்பியவர், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து திரும்பினார்.

"புளுகு!"

லிங்கத்துரை சீப்பால் கண்ணாடியைத் தட்டினார். "கடைசிக்குப் போங்க அண்ணாச்சி."

ஒரு கன்னம் வழித்து, ஒரு கன்னம் நுரையோடு, மாப்பிள்ளையின் அப்பா சிவகிரி வெயிலுமுத்து எழுந்து, வாத்தியாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கொம்பையா நாற்காலிக்குப் போகவில்லை. பெஞ்சுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், சப்பாணி, நான் வாயாடி, ஒத்துக்கிடுதேன். இது என் பொண்ணு விஷயம். அண்ணாச்சி முதல்ல முடிச்சிட்டுப் போகட்டும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொண்ணு மார்க்கு வாங்குனவன் பொண்ணுக்காவது நல்லது நடக்கட்டும். ரெண்டு பேரும் முடிச்சிட்டுப் போங்க."

வெயிலுமுத்து நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கொம்பையாவைப் பார்த்தார். "நம்ம இங்க பாத்துக்கிட்டதாவே வேண்டாம் சம்பந்தி. வத்தலு கதையைப் பேசுனா பஸ்ஸுலயே தனியா அனுப்பிருவேன்னு என் வீட்டுக்காரி சொல்லித்தான் கூட்டிட்டு வந்தா."

பத்தே முக்காலுக்கு கொம்பையா வீட்டுக் கூடத்தில் ரெண்டு ஆம்பளைகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேர் கன்னத்திலும் ஒரே பவுடர். வணக்கம் என்று சொன்னதோடு சரி. இந்துமதி கேசரி கொண்டுவந்தாள். பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். அதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிட்டது.

"சம்பந்தி பேசவே மாட்டேங்காங்களே" என்றாள் வெயிலுமுத்துவின் பொண்டாட்டி.

பூரணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்காதவள் அவள். "அவுக எப்பவும் இப்படித்தான் மதினி. கட்டிக்கிட்டு வந்த நாளிலேர்ந்து நான் கேட்டாத்தான் பதிலு, அதுவும் ஒத்த வார்த்தை."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான். இவுக இருக்காகளா இல்லையான்னு உள்ள வந்து பாத்தாத்தான் தெரியும்."

கொம்பையா வெயிலுமுத்துவைப் பார்த்தார். வெயிலுமுத்து கொம்பையாவைப் பார்த்தார். ரெண்டு பேர் தொண்டையிலும் அந்த ஒரே வார்த்தை ஏறி வந்து நின்றது. ரெண்டு பேரும் காபி டம்ளரை எடுத்து, சூடு பொறுக்காவிட்டாலும், ஒரே மடக்கில் குடித்து முடித்தார்கள்.