பதினெட்டுப் பிள்ளை பெத்த தலைவர்

ஒரு ஊர்ல, ஆவரங்குளம்னு ஒரு சின்ன ஊர்ல, மாசிலாமணி மாசிலாமணின்னு ஒருத்தரு இருந்தாராம். அவருக்கு நெலம் உண்டு, தொழுவம் நெறைய மாடு உண்டு, பெரிய மீசை உண்டு, பிள்ளை மட்டும் ஒண்ணே ஒண்ணு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களும் டீச்சரும் சேந்து ஒரு சங்கம் வச்சிருந்தாங்க. அதுக்கு இவருதான் தலைவரு. யாரு ஆக்குனா? அவரே ஆயிக்கிட்டாரு.

அந்த வருசம் பள்ளிக்கூடத்துப் புளியமரம் ரெண்டும் சடைசடையா காச்சு, ஏலம் போயி, சங்கத்துக்கு நல்ல காசு வந்திச்சு. ஒரு காரியத்துக்குத்தான் காணும், ரெண்டுக்குக் காணாது. என்ன செய்யலாம்னு கூட்டம் போட்டாங்க.

"வாசல்ல ஒரு வளைவு கட்டுவோம், உச்சியில என் பேரு இருக்கட்டும்"னாரு மாசிலாமணி.

அப்போ சொர்ணம்னு ஒரு பொம்பள எந்திரிச்சா. தலைச்சுமையா உப்பு விக்கிறவ. மனசுல பட்டதைப் பட்டுனு கேட்டுருவாளா, அதனால ஊர்ல அவளைக் கோட்டிக்காரி, கிறுக்கின்னுதான் சொல்லுவாங்க. அவ சொன்னா, "அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ் இல்ல. எம்மக முத்தரசி காலையில இருந்து பொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்கா. குடிச்சா எங்க போவா? மூணு பிள்ளைங்க படிப்பையே நிப்பாட்டிருச்சு. இவளும் நின்னுருவா."

வீட்டுக்கு ஒரு கை தூக்கச் சொன்னாங்க. கக்கூஸுக்கு ஆறு கை, வளைவுக்கு மூணு கை. மாசிலாமணி மீசையைத் தடவுனாரு, தடவிட்டு, "ஒத்தப் பிள்ளை வச்சிருக்கவனுக்கும் ஒரு ஓட்டு, மூணு பிள்ளை வச்சிருக்கவனுக்கும் ஒரு ஓட்டா? என்ன நியாயம் இது? இனிமே பிள்ளைக்கு ஒரு ஓட்டு. அடுத்த வாரம் கூடுவோம்"னாரு. அட, ஒத்தப் பிள்ளைக்காரரு இப்படிச் சொல்லுதாரே, எவ்வளவு பெரிய மனசுன்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க.

ஆட்டலாமா? ஆட்டக்கூடாது. ஆட்டிட்டாங்களே!

மறுநாளு அவரு எஸ்தர் டீச்சர்கிட்ட போயி, "பிள்ளைங்க பேரு எழுதுற ரிஜிஸ்டர் கிழிஞ்சு கெடக்கே, தச்சுத் தாரேன்"னு வாங்கிட்டுப் போனாரு. போயி தொழுவத்து வாசல்ல உக்காந்தாரு. உள்ள எட்டிப் பாத்தாரு, ஒரு பேரு எழுதுனாரு. எட்டிப் பாத்தாரு, இன்னொரு பேரு எழுதுனாரு. எட்டிப் பாத்தாரு, எழுதுனாரு. லட்சுமி, காமாட்சி, ராமு, சிங்காரி… மொத்தம் பதினேழு பேரு. தகப்பன் பேரு எல்லாத்துக்கும் மாசிலாமணி!

அடுத்த வாரம் டீச்சர் ரிஜிஸ்டரைப் பிரிச்சாங்க. கண்ணு முழி பிதுங்கிருச்சு. "ஐயா, இவங்க எல்லாம்…"

"எம்பிள்ளைங்கதான். வெளியூர்ல வளருது, அடுத்த மாசம் வந்துரும்."

ஊருக்கே தெரியும் அவருக்கு ஒரே மகன்னு. ஆனா கேக்குறது யாரு? பாதிப் பேரு அவரு வயல்லதானே வேலை பாக்குறான்! கக்கூஸுக்குப் பன்னெண்டு ஓட்டு, மாசிலாமணி ஒத்த ஆளுக்கே பதினெட்டு ஓட்டு. "வெள்ளிக்கிழமை வளைவுக்குக் கல்லு நாட்டுறோம்"னு துண்டை உதறிட்டுப் போயிட்டாரு.

சொர்ணம் அழுதாளா? இல்ல. கொஞ்ச நேரம் யோசிச்சா. யோசிச்சுட்டு, பக்கத்து வீட்டுக்காரிங்க ரெண்டு பேருகிட்ட காதுல என்னமோ சொன்னா.

மாசிலாமணிக்கு ஆவுடையம்மாள்னு ஒரு பொண்டாட்டி. பாவம், கூட்டத்துப் பக்கமே வராத மனுசி. வெள்ளிக்கிழமை காலையில அந்தம்மா வாசல்ல ஒருத்தி வந்து நின்னா, கையில பூண்டு. "பிள்ளை பெத்த உடம்புக்கு நல்லதுக்கா"ன்னு கொடுத்துட்டுப் போயிட்டா. பின்னால இன்னொருத்தி வந்தா, கையில நல்லெண்ணெய். "பிள்ளை பெத்த உடம்புக்கு நல்லதுக்கா"ன்னு கொடுத்துட்டுப் போயிட்டா. மூணாவது சொர்ணம் வந்தா, கையில கருப்பட்டி.

"ஏட்டி, யாருட்டி பிள்ளை பெத்தா?"

"நீங்கதான் மதினி. பதினெட்டுப் பிள்ளையாம்ல! அண்ணாச்சி ரிஜிஸ்டர்லயே எழுதியிருக்காகளே."

"நான் பெத்தது ஒண்ணுதானட்டி!"

"ஐயையோ, அப்போ மிச்சம் பதினேழு…" சொர்ணம் வாயைப் பொத்திக்கிட்டா. "நான் ஒண்ணும் சொல்லலை மதினி, நான் ஒண்ணும் சொல்லலை."

போச்சு! ஆவுடையம்மாள் கொண்டையை முடிஞ்சா, வெளக்கமாத்தை எடுத்தா, விறுவிறுன்னு நடந்தா. அங்க பள்ளிக்கூடத்து வாசல்ல மாசிலாமணி மாலையும் கழுத்துமா தேங்கா உடைக்கக் கையை ஓங்கி நிக்காரு.

"யாருய்யா அவ?"

"எவ?"

"பதினேழு பெத்தாளே, அவ! லட்சுமிக்கு ஆத்தா யாரு?"

"அது… நம்ம தொழுவத்துல…"

"தொழுவத்துலயா வச்சிருக்கே அவள!"

"ஐயோ, அது இல்ல, அவ பேரு செவலை…"

"செவலையா? நான் கருப்பா இருக்கேன்னுதானே செவலையாப் பாத்துப் பிடிச்சே!" வெளக்கமாறு மேல போச்சு.

மாசிலாமணி தேங்காயைப் போட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு வச்சுக்கிட்டு அலறுனாரு: "மாடுடி! மாடு! பதினேழும் நம்ம மாடு!"

ஆவுடையம்மாள் வெளக்கமாத்தைக் கீழ எறக்குனா.

"பதினேழும் மாடா?"

"ரெண்டு மட்டும் எருமை."

ஏலேய், மெதுவாச் சிரிங்கலே! அங்க அப்படித்தான் சிரிச்சாங்களாம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மண்ணுல உருண்டு. அவரு வயல்ல வேலை பாக்குறவன்கூட சிரிச்சுட்டான். ஒரு தடவை சிரிச்ச பெறகு பயம் எங்க இருக்கும்?

எஸ்தர் டீச்சர் சிவப்பு மையால பதினேழு பேரையும் அடிச்சாங்க. "இப்ப மறுபடியும் எண்ணுவோம். உங்க வீட்டுக்கு ஒரு பிள்ளை, ஒரு ஓட்டு"ன்னாங்க. "அந்த ஓட்டை நான் போடுதேன்"னு ஆவுடையம்மாள் கையைத் தூக்குனா. "கக்கூஸுக்கு!" வெளக்கமாறு இன்னும் கையிலதான் இருந்திச்சு.

அப்போ சொர்ணம் கேட்டா, "டீச்சர், பேரு எழுதி ஒரு வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா இருந்ததுங்களே, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணும் செய்யாமலா போறது?" சரிதான்னு சங்கம் முடிவு பண்ணிச்சு. கக்கூஸ் கட்டி முடியிற வரைக்கும் பசு கறந்த பாலு அத்தனையும் பிள்ளைங்களுக்கு. காளைங்க செங்கல் வண்டி இழுக்கணும். வண்டி ஓட்டுறது யாரு? பெத்த தகப்பன்தான்! வேகாத வெயில்ல மாசிலாமணி வண்டியில செங்கல் ஏத்துனாரு, மணல் ஏத்துனாரு, தண்ணி ஏத்துனாரு. போற வழியில எல்லாம், "ராமு அப்பா, சௌக்கியமா?"ன்னு ஒரு குரலு.

தலைவரு பதவி? அதுக்கும் கை தூக்குனாங்க. சொர்ணம் வேண்டாம்னா, உப்பு விக்கப் போகணும்னா. விட்டாங்களா? விடலை.

கக்கூஸுக்குக் கதவு மாட்டி, உள்ள தாப்பாளும் போட்டாச்சு. படிப்பை நிப்பாட்டுன மூணு பிள்ளைங்களும் திரும்பி வந்திச்சு. முத்தரசி சொம்பு நெறையத் தண்ணி மொண்டு மடக்குமடக்குனு குடிச்சாளாம்.

எல்லாருக்கும் பொதுவான காசுல தன் பேரை எழுதப் பாத்தா, கடைசியில தன் பேருதான் கெடும். அவ்வளவுதான் மக்களே. கதை வண்டி ஏறிப் போயிருச்சு, நான் எறங்கிட்டேன்.