இன்னும் ஒரு பிடி குறைக்கலாமா?

"நின்னுபோச்சு, சாமியாரே."

தணிகாசலம் மடத்துப் படியில் உட்கார்ந்தபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

சருகுச் சாமி மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது நின்னுபோச்சு, தலைவரே? கடிகாரமா, கட்சியா?"

"எடை. கட்சி நின்னு ரொம்ப நாளாச்சு."

"ஓ."

"வந்த புதுசுல மளமளன்னு இறங்குச்சு. இப்போ முள்ளு அசையமாட்டேங்குது. தட்டுல இன்னும் ஒரு பிடி குறைக்கலாமா?"

"இப்போ வேண்டாம்."

"எப்போ?"

சாமி சருகைக் குவித்தார்.

*

மலையடிவாரத்தில் ஒரு கல் மண்டபம். அதுதான் மடம். மலைமேல் ஊரான மேல்கரட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை அதன் பின்னாலிருந்து தொடங்குகிறது. ரோடு கிடையாது. எத்தனையோ அமைச்சர்கள் ரோடு போடுவதாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி.

நடக்க முடியாதவர்கள் டோலியில் போகலாம். மூங்கிலில் துணியைத் தூளியாகக் கட்டி, மலைக்காரர்கள் நாலு பேர் தோள்மாற்றித் தூக்கிப் போவார்கள். அந்தக் காலத்தில் அதிகாரிகள் எல்லாம் அப்படித்தான் ஏறினார்கள். மனிதனை மனிதன் சுமக்கக் கூடாது என்று துண்டறிக்கை அடித்து அதை நிறுத்தியவர் தணிகாசலம்.

அதே கையால் சாமியார்களை நம்பாதீர் என்றும் எழுதி, தானே அச்சுக் கோத்து, தானே பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தவர். அதனால் சருகுச் சாமியை அவர் சாமி என்று கூப்பிட்டதில்லை. சாமியாரே என்பார். தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவதில் தப்பில்லை என்பது அவர் கணக்கு. சாமி அவரைவிட வயதில் சின்னவர் வேறு.

நாற்பது வருடம் உழைத்த கட்சி அவரை மறந்துவிட்டது. உடம்பு எதையும் மறக்கவில்லை. மேடைக்கு மேடை கொடுத்த டீ, வடை, பிரியாணி அத்தனையும் அதன் நினைவில் இருந்தது.

இந்த எடையோடு மலை ஏறினால் நெஞ்சு தாங்காது என்றார் டவுன் டாக்டர். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளவும் சொன்னார். எடை இறங்கும்வரை தணிகாசலம் மடத்திலேயே தங்கினார். அந்த அளவைத்தான் சாமி தன் கையால் தட்டில் வைத்துவந்தார்.

மேல்கரட்டில் தணிகாசலத்தின் மனைவி பவளக்கொடி இருந்தாள். மலைப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏறியவள் இறங்கவில்லை. அவர் மாநாடுகளுக்காக இறங்கினார், திரும்ப ஏறவில்லை. சண்டை ஒன்றுமில்லை. இருவருக்கும் வேலை இருந்தது.

இப்போது அவள் கண்ணில் நரம்பு காய்ந்துவருகிறது. மருந்து இல்லை என்றுவிட்டார்கள். அவளை டோலியில் இறக்கலாம்தான். ஆனால் அந்தத் துண்டறிக்கையில் அவள் கையெழுத்தும் இருந்தது.

மலையிலிருந்து தேனும் புளியும் சந்தைக்குக் கொண்டுவரும் வெள்ளச்சியிடம் அவள் சொல்லியனுப்பினாள்.

"முகம் தெரியறப்பவே ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

*

சாமி பொறுக்கச் சொன்னார். தணிகாசலம் பொறுக்கவில்லை. பொறுமையைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார், எல்லாம் எதிராக.

சாமி வைத்த சோற்றில் பாதியை, சாமி திரும்பியதும், மடத்து நாய்க்குத் தள்ளினார்.

மடத்துக்கு எதிரே புளி மண்டி. புளிமூட்டை நிறுக்கும் தராசில் தினமும் காலையில் ஏறி நிற்பார். மண்டிக்காரன் முள்ளைப் பார்ப்பான். இவர் அவன் முகத்தைப் பார்ப்பார்.

"அதேதான்யா."

"நல்லாப் பாரு."

"புளின்னா ரெண்டு தட்டுத் தட்டிக் குறைச்சுக் காட்டுவேன். உங்களை என்ன பண்றது?"

சந்தைக்கு வந்த வெள்ளச்சி கூடையை இறக்கினாள்.

"அம்மா கேக்கச் சொன்னாங்க. சாப்பிட்டீங்களான்னு."

பவளம் எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பாள்.

"சாப்பிட்டேன்னு சொல்லு," என்றார். காலடியில் நாய் வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு எப்படி இருக்கு?"

"பிள்ளைங்களைக் குரலை வச்சுத்தான் பிரிக்கிறாங்க. சேலை கலரைச் சொல்லிடறாங்க, கிட்டப் போனா."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். பாதை தொடங்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தார். உச்சியில் மேகம் இருந்தது. அதற்குள் எங்கேயோ ஒருத்தி சேலைக் கலரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் முதல் வளைவு வரை ஏறிவிட்டு வருவார். அன்று ஏறவில்லை. கால் கனத்தது. கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்கு நேரமில்லை, சாமியாரே."

"அதனாலதான் பொறுங்கன்னேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்? சிறையில நான் பட்டினி கிடந்திருக்கேன். விடுதலையாகி வெளிய வந்தப்போ, வாசல்ல நின்ன பவளம் என்னைத் தாண்டிப் போய், பின்னாடி வந்தவன் முகத்தைப் பாத்தா. என்னை அடையாளம் தெரியலை அவளுக்கு."

பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்போ அவங்க கண்ணு எப்படி?" என்று கேட்டார் சாமி.

"கழுகுக் கண்ணு."

சாமி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

முள் அசையவில்லை. தணிகாசலம் மீதிப் பாதியிலும் பாதியைத் தள்ளினார்.

வெயிலிலும் குளிர்ந்தது. போர்வை கேட்டார். மண்டிக்காரனோடு சண்டை போட்டார், தராசு முதலாளிகளின் கையாள் என்று. காலையில் வாசலில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அங்கேயே இருந்தார்.

ஒருநாள் சாமி சோற்றை வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மில்லுல நீங்க ஜெயிச்ச கதையைச் சொல்லுங்க."

"இப்பவா?"

"கேக்கணும்போல இருக்கு."

அந்தக் கதைக்கு ஆள் கிடைத்து வெகுநாளாகியிருந்தது. தணிகாசலம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நூல் மில்லு. முதலாளி கூலியில கையை வச்சான். ஸ்டிரைக்னு எழுந்தா வெளிய தள்ளிடுவான். நாங்க எழுந்திருக்கலை. சங்கு ஊதினதும் உள்ள போனோம். மிஷின் ஓடுச்சு. கை மட்டும் மெதுவாச்சு."

"எப்படி?"

"இழை அறுந்தா ஒட்டணுமில்லையா? ஒட்டப் போறவன் ஆடி அசைஞ்சு போவான். வண்டி தள்ளுறவன் பாதி வழியில வெத்தலை போடுவான். கேட்டா உடம்பு முடியலைம்பான். ஒருத்தன் மேலயும் குத்தம் சொல்ல முடியாது."

"முதலாளி?"

"நூல் குறைஞ்சுபோச்சுன்னு மறுபடியும் வெட்டினான். நாங்க இன்னும் மெதுவானோம். மறுபடியும் வெட்டினான்." தணிகாசலம் சிரித்தார். "மில்லே தூங்குச்சு, சாமியாரே. ஓடிக்கிட்டே தூங்குச்சு."

"கடைசியில?"

"வெட்டினதைத் திருப்பிக் குடுத்தான். கை தானாச் சுறுசுறுப்பாச்சு."

"அப்புறம் அவன் கூலியைக் குறைக்கவே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை. பஞ்சு கிடைக்காத வருசம். கூப்பிட்டு உக்காரவச்சு, இன்ன காரணம்னு சொல்லி, கொஞ்சமாக் கேட்டான். ஒத்துக்கிட்டோம். நியாயம்னா நாங்க கேப்போம்."

"அப்போ முதல்ல செஞ்சது?"

"மடத்தனம். தொழிலாளி ஏன் மெதுவானான்னு பாக்காம வெட்டிக்கிட்டே போற முதலாளி மாதிரி முட்டாள் உலகத்துல கிடையாது."

"கிடையாது," என்றார் சாமி.

பிறகு கேட்டார்.

"உங்க கை ஏன் தலைவரே நடுங்குது?"

தணிகாசலம் கையைப் பார்த்தார். காலையிலிருந்து நகராத காலைப் பார்த்தார். தூணடியில் உருண்டு கொழுத்துக் கிடந்த நாயைப் பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் முதலாளிக்கு எதிரே நின்ற மனிதர். தன் உடம்பு என்ற மில்லில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்த நாயைக் கட்டிப்போடுங்க," என்றார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

*

சந்தை நாளில் மட்டும் தராசில் ஏறுங்கள் என்றார் சாமி. தணிகாசலம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

முதல் சந்தையில் முள் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. அன்று அவர் சோற்றில் பாதியை ஓரமாக ஒதுக்கினார். ஆனால் தட்டைக் காலிசெய்தார். மறுநாள் போர்வை தேவைப்படவில்லை. அதற்கடுத்த நாள் முதல் வளைவுக்குப் போய்வந்தார்.

பிறகு முள் இறங்கியது. ஆடி அசைந்துதான் இறங்கியது. இறங்கும், நிற்கும், கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். வேட்டி முடிச்சு உள்ளே போனது.

வெள்ளச்சி வந்தாள், போனாள்.

"சேலை கலரு இப்போ தெரியறதில்லை. வெளிச்சம் தெரியுது."

அன்று அவர் இரண்டாம் வளைவில் நின்று அழுதார். அழுதுவிட்டு, மூச்சு வாங்காததைக் கவனித்தார். மூன்றாம் வளைவுக்கு ஏறினார்.

பிறகு முள் மறுபடியும் நின்றது. அடுத்த சந்தையிலும் நின்றது. அதற்கடுத்ததிலும். வேட்டி முடிச்சும் அதே இடம். தணிகாசலம் வாய் திறக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அப்போதும் முள் அங்கேயே இருந்தது.

ஒருநாள் மூன்றாம் வளைவிலிருந்து இறங்கி, வியர்வையோடு வந்து சாமியின் முன்னால் நின்றார்.

"சாமியாரே. நல்லாத் தூங்குறேன். நல்லா நடக்குறேன். நாய்க்கு ஒண்ணும் போகலை. ஆனா நின்னுபோச்சு. ஒரு பிடி குறைக்கலாமா?"

சாமி தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தார். ஒரே பிடி.

"இப்போ."

தணிகாசலம் அந்தக் கையையே பார்த்தார்.

"அன்னிக்கும் இதையேதானே கேட்டேன்?"

"அன்னிக்கு உக்காந்துக்கிட்டுக் கேட்டீங்க."

*

முள் மறுபடி இறங்கியது. மழை விட்டதும் ஒரு விடியலில் மலை ஏறினார். சாமி தூக்குச் சட்டியில் கட்டுச்சோறு கொடுத்தார். தணிகாசலம் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாய் முதல் வளைவு வரை வந்தது.

மூன்றாம் வளைவில் பாதி சாப்பிட்டார். மேகத்துக்குள் நுழைகிற இடத்தில் மீதியைச் சாப்பிட்டார்.

மேல்கரட்டில் வெயில் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையடியில் பவளக்கொடி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. பிள்ளைகள் சத்தம் அடங்கியது.

"யாரு?" என்றாள். அவள் முகம் அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தது.

அவர் போய் முன்னால் மண்டியிட்டார்.

அவள் கை வந்தது. நெற்றி, மூக்கு, கன்னம். கன்னத்தில் விரல்கள் நின்றன. சதையை மெல்லக் கிள்ளிப் பார்த்தன. அப்படியே இருந்தன.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."