ஈசனுக்கு நிழல் எடுத்த வெயிலுகந்தார்

தென்கடலோரத்துச் செம்மணல் மேடுகள் நிறைந்த தேரியில், செந்தேரிவிளை என்னும் ஊரில், மண் மிதித்துச் சுவர் வைத்துப் பிழைத்து வந்தார் வெயிலுகந்தார். அந்நிலத்து வெயில் கொடியது. ஆனால் அவர் எடுத்த வீடுகளுக்குள் நுழைய அது தயங்கும். இரண்டு சுவர்களை அருகருகே எழுப்பி, இடையே பனைமரச் சிராய்களைத் திணிப்பார். கூரையில் வெறும் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே மண்ணும் சுண்ணாம்பும் பூசுவார். கடற்காற்று வரும் பக்கம் உயரத்தில் ஒரு திறப்பு விட்டு, அதில் நீர்ப்பானையை நிறுத்துவார். காற்று அதை உரசிக் குளிர்ந்து உள்ளே இறங்கும். அன்றன்று பிசைந்த மண்ணில் முதல் உருண்டையை ஏந்தி, "ஈசனே, இது உனக்கு" என்று வணங்கிய பின்னரே சுவரைத் தொடுவார்.

ஊருக்கு வெளியே பழங்கோயில் ஒன்றை மணல் விழுங்கியிருந்தது. சிவலிங்கம் மட்டும் திறந்த வெயிலில் நின்றது. உச்சிப்பொழுதில் மணல் முனகும் என்று அஞ்சி அங்கே யாரும் போவதில்லை. ஈசனின் அடியாரான வெயிலுகந்தார் மட்டும் நீர் சுமந்து செல்வார். ஒருநாள் ஊற்றிய நீர் சீறி ஆவியானது. பதறிக் கல்லைத் தொட்டார், உள்ளங்கை கொப்பளித்தது. "இந்தச் சூட்டிலயா இருக்கே, எஞ்சாமி!" என்று கதறினார். அன்றே லிங்கத்தைச் சுற்றி வீடு எடுக்கத் தொடங்கினார்.

ஊர்த்தலைவர் சடையாண்டி கேட்டுச் சிரித்தார். "என்னவே, சாமிக்கும் வேர்க்குதாக்கும்? எம் மாட்டுத் தொழுவத்தக் கட்டும், வயிறாவது நெறயும்."

"அதையும் கட்டுதேன் ஐயா. மொதல்ல அவரு நெழல்ல இருக்கட்டும்."

தலைவர் சினந்து, இவருக்கு யாரும் வேலை தரக்கூடாது என்று ஆணையிட்டார். வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் பெருகின. மண் குழைக்க நீர் சுமந்த மனைவி நல்லாச்சியார், ஒரு பகலில் குடத்தோடு மணலில் சாய்ந்தார், எழவில்லை. அவரை அடக்கம் செய்த மறுநாளே அடியார் வேலைக்குத் திரும்பினார். கண்ணீர் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

காய்ந்து கிடக்க வேண்டிய மண் அன்று குழைந்து தயாராக இருந்தது. அதில் ஈரக் காலடிகள் பதிந்திருந்தன. வந்த தடமோ போன தடமோ மணலில் இல்லை. அடியாருக்கு மேனி சிலிர்த்தது. விழுந்து வணங்கி மண்ணை அள்ளினார். கூரை முடிந்ததும், இலைகூட அசையாத உச்சிப்பொழுதில், கவிழ்த்த பானைகள் மெல்ல மூச்சு விட்டன.

ஆனி மாதத்தில் ஒரு பகல். மேற்கே வானம் செந்நிறமாய் எழுந்து ஊர்மேல் கவிந்தது. ஓலைக்கூரைகள் பறந்தன, தெருக்கள் மணலில் புதைந்தன. மக்கள் அந்த மண்வீட்டை நோக்கி ஓடினர். பேத்தியை மார்போடு அணைத்தபடி தலைவரும் வந்தார். அடியார் அனைவரையும் உள்ளே விட்டார். அதற்குள் காற்றுத் திறப்பின் வழியே மணல் கொட்டத் தொடங்கிவிட்டது.

"கதவச் சாத்துங்க. நான் வெளிய போயி அத அடைக்கேன்" என்று வெளியேறினார் அடியார்.

திறப்பு அடைபட்டது. கதவுக்கு வெளியே மணல் மலையாய்க் குவிந்தது. இனி யாரும் திறக்க முடியாது. இருளில், லிங்கம் இருந்த பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அது ஊரில் யாருடைய குரலும் அன்று.

"கொஞ்சம் நகருங்க. வீடு கட்டினவன் வெளிய நிக்கான்."

உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். குளிர்ந்த உடலொன்று அவர்களை உரசிக்கொண்டு சுவரை நோக்கிப் போனது. பிறகு திரும்பி வந்தது. இப்போது இருவர் நடக்கும் ஒலி.

புயல் ஓய்ந்து, கூரை விளிம்பில் வெளிச்சம் கசிந்தபோது, லிங்கத்தின் அருகே வெயிலுகந்தார் அமர்ந்திருந்தார். அவர்மேல் ஒரு மணல்துகளும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. சுவரில் கீறலும் இல்லை.

தலைவர் அவர் காலில் விழுந்தார். "எப்படி ஐயா உள்ள வந்தீரு?"

"கையப் புடிச்சாரு," என்றார் அடியார். "சில்லுன்னு இருந்துச்சு."

தம் துயரத்தினும் இறைவன் பட்ட வெம்மையைப் பெரிதாய் எண்ணிய அந்த அன்பின் நிழலில், நாமும் சற்றே ஒதுங்கியிருப்போமாக.