சந்தனமரியின் பொத்தான்கள்

“டீச்சர், நாம எழுதுறது யாருக்கு?”

ஜெபராஜ் கேட்ட தோரணையில் சண்டைதான் இருந்தது. பரிபூரணம் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜெபராஜுக்கு ஐம்பத்தோரு வயது. கம்பெனி வேலையை உதறிவிட்டு, தன்னைவிடப் பதினாறு வயது இளையவளான பரிபூரணத்திடம் கட்டற்ற மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்ளத் தூத்துக்குடிக்கு வந்தவர். அவள் தொடங்கிய ‘பேச்சு’ என்ற செயலி, வாய் பேச முடியாதவர்களுக்கானது. எழுதினால் அது உரக்கப் பேசும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

ஆறு மாதம் உழைத்து அதை அவர் புதிதாக எழுதியிருந்தார். ஒரே அழுத்தில் ஒரு வாக்கியத்தைப் பேசும் பழைய பொத்தான்களை எடுத்துவிட்டதில் நிரல் பாதியாகச் சுருங்கிவிட்டது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். மற்றவர்கள் திட்டினார்கள்.

“பொத்தானைக் காணோம்னு நாப்பது கடிதம், டீச்சர். ஒரே ஒரு வரி எழுதினா அவங்களே பொத்தான் வச்சுக்கலாம். எப்படின்னு விளக்கமும் போட்டிருக்கேன். ஒருத்தரும் படிக்கலை. நிரல் திறந்துதான் கிடக்கு. வேணுங்கிறவங்க மாத்திக்கட்டும். நாம யாருக்கும் வேலைக்காரங்க இல்லை.”

“சரிதான், அண்ணாச்சி.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒரு தாளைக் கிழித்துப் பெயர் எழுதி நீட்டினாள். சந்தனமரி. மீன் ஏலக்கூடம்.

“நாப்பதுல இவங்க ஒருத்தர். நேர்ல போய் இதையே சொல்லிட்டு வாங்க.”

“சொல்ல மாட்டேன்னு நினைக்கிறீங்களா?”

“சொல்லுவீங்க. அதான் அனுப்புறேன்.”

ஏலக்கூடத்தில் ஒரே இரைச்சல். சந்தனமரி நாற்பதைத் தாண்டிய பெண். தொண்டையில் அறுவை செய்த தழும்பு. கூடை நிறைய சீலா மீன். அதைச் சுற்றி வியாபாரிகள்.

ஃபோனில் எழுத நேரமில்லாமல் அவள் விரல்களைக் காட்டி விலை சொன்னாள். ஒருவர் ஏற்றிக் கேட்டார். பின்னாலிருந்து இன்னொருவர் கை தூக்கினார். அதற்குள் முன்னால் நின்ற தடித்த ஆள், “முடிஞ்சது, எனக்குத்தான்” என்று கூடையை இழுத்தார்.

அவள் பக்கத்திலிருந்த மீன் பெட்டியைத் தட்டினாள். தலையை ஆட்டினாள். பின்னால் ஒரு கை தூக்கியே இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடை போய்விட்டது.

ஜெபராஜ் கிட்டே போனார். யாரென்று சொன்னார். வந்த வேலையை முடிக்கவேண்டும் என்ற வீம்பு அப்போதும் விடவில்லை.

“நிரல் திறந்துதான் இருக்கும்மா. நீங்களே மாத்திக்கலாம்.”

சந்தனமரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியின் மூடியை எடுத்து, பேனாவால் பெரிதாக எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

‘கடலும் தொறந்துதான் கெடக்கு. நீரே போய்ப் புடிச்சுத் தின்னும்.’

அதைப் படித்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெபராஜுக்குக் காது சூடானது.

திரும்பி வந்தவரிடம் பரிபூரணம் கேட்டாள்.

“மாத்திக்கிட்டாங்களா?”

அவர் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்து கணினியைத் திறந்தார்.

“என்ன செய்யுறீங்க?”

“பொத்தான் வைக்கிறேன்.”

“நாம யாருக்கும் வேலைக்காரங்க இல்லைன்னீங்களே.”

“இப்பவும் இல்லை. டீச்சர், கொஞ்சம் பேசாம இருங்க.”

மறுநாள் காலை பொத்தான்களோடு போனார். சந்தனமரி ஈர விரலால் அழுத்தினாள். சத்தமே வரவில்லை. ஃபோனைத் தன் மடியில் துடைத்து, அவரிடம் விரலைக் காட்டினாள். மீன் செதிலும் தண்ணீருமாக இருந்தது.

அதற்கு மறுநாள் ஈரத்துக்கும் வேலை செய்தது. ஆனால் அந்த இரைச்சலில் செயலியின் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை. மூடியை எடுத்து எழுதினாள்: ‘இன்னும் சத்தமா.’

“இதுக்கு மேல போனா குரல் கரகரக்கும்மா. நல்லா இருக்காது.”

அவள் அந்த மூடியை இறக்கவேயில்லை.

அன்று முழுக்க அவர் அழகாகச் சுருக்கி வைத்திருந்த நிரலை உடைத்தார். நூற்றுப்பத்து வரி கூடியது. கூட நிரல் எழுதுகிறவர்களில் ஒருவர், இது என்ன அசிங்கம் என்று எழுதிக் கேட்டார். ஜெபராஜ் அவருக்கு ஏலக்கூடத்தின் முகவரியை அனுப்பினார்.

அடுத்த நாள். அதே தடித்த ஆள் முன்னால் நின்றார். சந்தனமரி ஃபோனைச் சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்துப் பெட்டிமேல் வைத்தாள். ஆள் கூடையில் கை வைத்தார்.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“கையை எடும். ஏலம் முடியலை.”

கரகரத்த குரல் கூரையில் மோதித் திரும்பியது. கை பின்வாங்கியது. பின்னால் நின்றவர்கள் விலையை ஏற்றினார்கள். அவள் அழுத்த அழுத்த ஏலம் ஓடியது.

ஜெபராஜுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று கூடைக்குப் பக்கத்திலேயே போய் நின்றார்.

சந்தனமரி அவரைப் பார்த்தாள். ஃபோனில் வேகமாக எழுதினாள். அழுத்தினாள்.

கூடம் முழுக்கக் கேட்டது.

“தள்ளி நில்லும். மீனை மறைக்கீரு.”