இலுப்பைக் கடைக்குப் பக்கத்துப் புற்று

ஓடைக்கரை வளை ஒன்றில் செவ்விழி என்ற கீரியும் அவள் கணவன் கூர்மூக்கனும் குடியிருந்தார்கள். வளை தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. போன மழையில் வெள்ளம் உள்ளே புகுந்து, கண்கூடத் திறக்காத குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது செவ்விழி மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். மேற்கே மேகமும் கூட ஆரம்பித்துவிட்டது.

கீரிகளுக்கு வளை தோண்டுவதில் பொறுமை கிடையாது. யாராவது விட்டுப்போன பொந்தோ புற்றோ கிடைத்தால்தான் உண்டு. கூர்மூக்கன் காடெல்லாம் அலைந்தான். ஒருநாள் காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"கிடைத்துவிட்டது, செவ்விழி. நல்ல மேட்டில் இருக்கிறது. எந்த வெள்ளமும் அங்கே எட்டாது. வா, நீயே வந்து பார்."

அது செதிலப்பன் என்ற உடும்பின் புற்று. உடும்பே கூட வந்து சுற்றிக் காட்டியது. செவ்விழி உள்ளே நுழைந்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாலு குட்டிகள் உருண்டு விளையாட இடம் இருந்தது. முன்பக்கம் ஒரு வாசல், பின்பக்கம் ஒரு வாசல். சுவரில் அங்கங்கே புது மண் பூசியிருந்தது. கூர்மூக்கன் அதைத் தடவிப் பார்த்து, "வீட்டை எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் பார்" என்றான்.

வெளியே வந்த செவ்விழி பக்கத்திலிருந்த பெரிய இலுப்பை மரத்தைப் பார்த்தாள். மரத்தடியில் அகலமான பாறைக்குழி ஒன்று. அதிலிருந்து புளித்த நெடி வந்தது.

"அது என்ன அண்ணே?"

"அதுவா? கம்பளியன் கடை" என்றது உடும்பு. "உனக்குத் தெரியுமே, அந்தக் கரடி. இலுப்பைப் பூவைக் குழியில் ஊறவைப்பான். சாயங்காலம் நாலு பேர் வருவார்கள், ஒரு வாய் குடிப்பார்கள், போய்விடுவார்கள். எல்லாம் கௌரவமானவர்கள். யோசித்துப் பார்த்தால் உங்களுக்குத்தான் லாபம், தங்கச்சி. யானை வந்து போகிற இடத்தில் ஒரு பாம்பு அண்டுமா?"

"பாம்பு அண்டாவிட்டால் நாங்கள் எதைச் சாப்பிடுவது?" என்றாள் செவ்விழி.

 செதிலப்பன் உடனே சமாளித்துக்கொண்டது. "எலி இருக்கிறதே! கடையில் சிந்திக் கிடப்பதைத் தின்ன எலி வரும். வாசலில் நின்றால் போதும், சாப்பாடு தானாக வரும்."

பேரம் எளிமையாகத்தான் இருந்தது. புற்று கீரிகளுக்கு, ஓடைக்கரை வளை உடும்புக்கு. "எனக்கு நீந்தத் தெரியும். வெள்ளம் என்னை என்ன செய்யும்?" என்றது அது. வாசலில் வாலை உயர்த்தி மணம் பூசிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. காட்டில் அதுதான் வழக்கம்.

"ஒரு மரநாயும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் முகத்துக்காகத்தான் நாளைக் காலைவரை பொறுக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியது செதிலப்பன்.

வழியெல்லாம் கூர்மூக்கன் புற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். செவ்விழி அடிக்கடி இலுப்பை மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். வளைக்குப் பக்கத்தில் வந்ததும், "பொழுது சாயும்போது நான் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள்.

"காலையில் பார்த்த வீடு சாயங்காலம் மாறிவிடுமா?"

"வீடு மாறாது. பக்கத்துக் கடை திறக்கும்."

கூர்மூக்கன் ஓடையைப் பார்த்தான். "போன தடவை நடந்ததை நினைத்தால் எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது" என்றான் மெதுவாக. அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் போனாள்.

ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தாள். வெயில் இறங்கும் நேரம். முதலில் புற்றிலிருந்து செதிலப்பன் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. வாலை இழுத்துக்கொண்டு வேகவேகமாகப் பள்ளத்தைத் தாண்டி, தூரத்தில் ஒரு பாறை இடுக்கில் புகுந்துகொண்டது.

'வீட்டுக்காரர் எங்கே போகிறார்?' என்று செவ்விழி யோசிக்கும்போதே கடைக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் குரங்குகள் பாட ஆரம்பித்தன. ஆளுக்கொரு பாட்டு. ஒற்றை யானை ஒன்று நிற்க முடியாமல் வந்து புற்றின்மேல் சாய்ந்து முதுகைச் சொறிந்துகொண்டது. பொலபொலவென்று மண் உதிர்ந்தது. காலையில் பார்த்த புதுப் பூச்சுக்குக் காரணம் செவ்விழிக்குப் புரிந்தது.

அப்புறம் ஒரு காட்டுப்பன்றி தள்ளாடி வந்து, புற்றைத் தன் வீடு என்று நினைத்து முன்வாசலில் மூக்கை நுழைத்தது. "பவளம், வழியை விடு. சத்தியமாக இனிமேல் குடிக்க மாட்டேன். பவளம், பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா?" என்று விசும்பி விசும்பி அழுதது. அழுதபடியே அங்கேயே படுத்துக் குறட்டை விட்டது. அதே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு குரங்குகள் பின்வாசலில் வந்து விழுந்தன. எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாசலும் அடைபட்டுவிட்டன. உள்ளே குட்டிகள் இருந்தால் என்ன ஆகும் என்று செவ்விழி நினைத்துப் பார்த்தாள்.

அவள் சுற்றிக்கொண்டு போய்க் கரடிக்கு முன்னால் நின்றாள்.

"கரடியண்ணே, உங்கள் வீடு எங்கே?"

"மலைச்சரிவில். ஏன் கேட்கிறாய்?"

"கடைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருக்குமே?"

கம்பளியன் குழியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் வயிற்றையும் பார்த்தான். "எனக்கும் குட்டிகள் இருக்கின்றன, தாயி" என்றான்.

செவ்விழி விஷயத்தைச் சொன்னாள். கம்பளியன் பெருமூச்சு விட்டான்.

"எங்கள் சரிவில் முள்ளம்பன்றி விட்டுப்போன வளை ஒன்று இருக்கிறது. வாசல் குறுகல். சாயங்கால வெயில் நேராக அடிக்கும். அதனால் யாரும் சீந்தவில்லை. ஆனால் இருட்டினால் அங்கே ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்காது. போய்ப் பார்."

"இப்படிச் சொன்னால் உங்கள் வியாபாரம் கெடாதா அண்ணே?"

"குடிக்க வருகிறவர்களுக்குத்தான் நான் கடை வைத்திருக்கிறேன். தூங்க வருகிறவர்களுக்கு இல்லை."

செவ்விழி சரிவில் ஏறினாள். வளை சின்னதுதான். உள்ளே பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. தரையை முகர்ந்து பார்த்தாள். ஈரமே இல்லை. கொஞ்சம் காலை நீட்டலாம் என்று படுத்தாள். கண் விழித்தபோது வெளியே சூரியன் உதித்திருந்தது. அவள் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

செதிலப்பன் சொன்ன கெடு நினைவுக்கு வர, பதறி எழுந்து மலையிலிருந்து இறங்கிப் புற்றை நோக்கி ஓடினாள்.

அங்கே கூர்மூக்கன் விடிந்ததுமே அவளைத் தேடிக்கொண்டு புற்றுக்கு வந்திருந்தான். செதிலப்பன் அதற்குள் பாறை இடுக்கிலிருந்து திரும்பியிருந்தது. பன்றியையும் குரங்குகளையும் காணோம். வாசல் சுத்தமாக இருந்தது.

"உன் மனைவி எங்காவது இரை தேடப் போயிருப்பாள். அவள் வருவதற்குள் பேரத்தை முடித்து வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! மரநாய் இதோ வந்துவிடும், தம்பி" என்றது உடும்பு.

கூர்மூக்கன் மேகத்தைப் பார்த்தான். வாசல் பக்கம் முதுகைத் திருப்பினான். வாலை உயர்த்தினான்.

"வாலை இறக்குங்கள்!"

செவ்விழியின் குரல் கேட்டு அவன் அப்படியே நின்றான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உடும்பின் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, நேற்று ராத்திரி எங்கே தூங்கினீர்கள்?"

"இதென்ன கேள்வி? என் வீட்டில்தான். பச்சைக்குழந்தை மாதிரி தூங்கினேன்."

"அப்படியானால் உங்கள் வாசலில் ஒரு பன்றி உட்கார்ந்து அழுததே, அது தன் மனைவியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது?"

செதிலப்பனின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. மறுபடியும் வந்தது, போனது. அதன் கண் தூரத்துப் பாறை இடுக்குப் பக்கம் போனது.

கூர்மூக்கன் வாலை மெல்ல இறக்கினான். "நாங்கள் கிளம்புகிறோம் அண்ணே" என்றான்.

சரிவு வளைக்குப் போனதும் முதலில் அவனுக்கு முகம் சுருங்கியது. குறுகல் வாசலில் நுழையத் தோளை ஒடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வெயில் கண்ணைக் குத்தியது. அவன் சருகும் சுள்ளியும் இழுத்து வந்து வாசலுக்குக் குறுக்கே ஒரு தட்டி வைத்தான். பொழுது இறங்கியதும் காற்று குளிர்ந்தது. சத்தமே இல்லை.

மழை வந்தபோது குட்டிகளும் பிறந்துவிட்டன. ஒரு பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. கீழே ஓடை கரை புரண்டு போனது. கூர்மூக்கன் குறுகல் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்து, தரையை இங்கும் அங்கும் காலால் தொட்டுப் பார்த்தான். எல்லா இடமும் காய்ந்திருந்தது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள் செவ்விழி.

"ஒன்றுமில்லை. நீ தூங்கு" என்றான். குட்டிகளின் பக்கத்தில் சுருண்டு படுத்தான். அவனும் தூங்கிப்போனான்.

குடியேறும் முன் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, அக்கம்பக்கம் விழித்திருக்கும் நேரத்தில் அதையும் போய்ப் பார்க்க வேண்டும்.