தண்ணிக்குத் தடை

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேமிங் சென்டர். அங்கே ஏசிக்கு நேர் கீழே இருக்கும் ஒரே நல்ல நாற்காலி குபேந்திரனுடையது. பூதச்சண்டை விளையாட்டில் அவன்தான் சாம்பியன். அப்படி அவனே சொல்லிக்கொள்வான்.

அன்று அவனுக்குப் பிரியாணி டெலிவரி கொடுக்க வந்த ஜெசிந்தா, வெயில் தாங்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா! இதுல உட்காரணும்னா என்னை ஜெயிக்கணும். தோத்தா இனி வாசல்லயே நின்னு பொட்டலத்தை நீட்டணும்."

"சரிண்ணே. எப்படி ஆடுறது?"

கடையே சிரித்தது.

"நெருப்பு, நீர், மண், காற்றுன்னு நாலு வகைப் பூதம் இருக்கும். எந்த வகையில எத்தனை வேணும்னாலும், மொத்தம் ஆறு பூதம் எடுத்து டீம் போடு. என் டீமைக் காட்ட மாட்டேன். நீர் பூதம் மட்டும் நீ எடுக்கக் கூடாது."

"ஏன்ணே?"

"சாம்பியன் வச்சதுதான் ரூல்."

ஜெசிந்தா ஆறும் மண் பூதமாக எடுத்தாள்.

குபேந்திரனின் பூதங்கள் திரையில் இறங்கின. ஆறும் நெருப்பு. ஊரையே கொளுத்தப்போவது போல உறுமிக்கொண்டு வந்தவை, தலையில் மண் விழுந்ததும் புஸ்ஸென்று அணைந்தன.

"என் டீமை உனக்கு எவன் சொன்னான்?"

"நீங்கதான்ணே. தண்ணிக்கு இந்தப் பயம் பயந்தா, உள்ள நெருப்பைத் தவிர என்ன இருக்கும்? பெட்ரோல் பங்க்ல சிவப்பு வாளியில தண்ணியா வச்சிருக்கான்? மணலுதானே!"

குபேந்திரன் மேசையைத் தட்டினான். "நாளைக்கு மறுபடி ஆடுவோம். மண்ணுக்கும் தடை!"

ஜெசிந்தா ஏசிக்குக் கீழே காலை நீட்டிச் சாய்ந்தாள்.

"அப்ப நாளைக்கும் உங்க டீம் இதே நெருப்புதானாண்ணே?"