மறதிப் பள்ளிக்கூடத்தின் அட்டைப்படம்

திருச்சியில் ஒரு தையல்கடையின் மாடியில் குடியிருந்த மாதங்கிக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள்; பார்த்ததோடு நிற்காமல், அப்படிப்பட்ட உலகத்தை மேசைமேல் கொண்டுவந்தே தீருவது என்று ஒரு வருஷமாக ஓர் ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். பேசியே ஆடுகிற ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

'மறதிப் பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருந்தாள். மலைமேல் ஒரு மேல்நிலைப்பள்ளி. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு மனோசக்தி உண்டு. கோபம் வந்தால் தலைமுடி தானாக எழுந்து நிற்கும், கண்ணில் நீல வெளிச்சம் வரும். ஆனாலும் வானமே பிளந்தாலும் திங்கட்கிழமை வகுப்புத் தேர்வு தள்ளிப்போகாது. அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருந்தாள் மகராசி.

அவள் எழுதியதிலேயே அழகான விதி இதுதான்: சக்தி சும்மா வராது. ஒவ்வொரு முறையும் மாணவர் தன் நினைவுகளில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆடுகிறவர் அதை வாய்விட்டுச் சொல்லி, நினைவுகளை எழுதிவைத்த தன் தாளில் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு, அந்த மாணவரைப் பொறுத்தவரை அப்படியொன்று நடக்கவே இல்லை. கடைசி நினைவும் போய்விட்டால் அவர் பள்ளியின் வாசலைத் தாண்டிப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். சக்தியை எடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தறிகெட்டு ஓடும். அப்படிக் கைகொடுக்கிறவருக்குச் சக்தி எதுவும் கிடையாது. அவருக்கு மாதங்கி விலையும் வைக்கவில்லை. வைக்க மறந்துவிட்டாள் என்பதே உண்மை.

ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க, கூடப் படித்த மூன்று பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டாள். ஜெபராஜ் 'அக்னிவேல்' என்ற மாணவனை எடுத்துக்கொண்டான். பார்வையாலேயே பாறையைத் தூக்குகிறவன். இஸ்மத் 'நிலோஃபர்' ஆனாள். பிறர் மனதில் ஓடுவது அவளுக்குக் கேட்கும். கோபிநாத் பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தான். மிச்சமிருந்தது கைகொடுக்கிற சாமிக்கண்ணு மட்டும்தான்.

"ஹீரோ வந்துட்டாருடா," என்றான் ஜெபராஜ். "வந்து என் கையைப் பிடி, போ."

அவர்கள் சிரிக்கச் சிரிக்க மாதங்கிக்குப் பயம் வந்தது. இவர்கள் மனதிலேயே ஒட்டாவிட்டால் வேறு யார் மனதில் ஒட்டும்? ஒரு வருஷ உழைப்பை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"ஆட்டம் முடியும்போது யாரோட மாணவர் பெரிய இழப்பைச் சுமந்துக்கிட்டு நிக்கிறாரோ, அவரோட முகம்தான் ஆட்டத்தோட அட்டைப்படம். படம் வரையறவ சாயங்காலம் ஃபோன் பண்ணுவா. இன்னிக்கே முடிவு."

அதன்பின் ஆட்டம் சூடுபிடித்தது. காலை வழிபாட்டு நேரத்தில் மலை சரிந்து பள்ளியின்மேல் இறங்கியது. அக்னிவேல் பாறையை நிறுத்தப் பார்த்தான். வளர்த்த நாயைக் கொடுத்தான். அம்மா வைக்கும் மீன்குழம்பைக் கொடுத்தான். பிறந்த ஊரையே கொடுத்தான். பகடை இரங்கவில்லை. மிஞ்சியவற்றில் பெரியது ஒன்றுதான்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று அழுதுகொண்டு நின்றவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போன சாமிக்கண்ணுவின் சிநேகம். ஜெபராஜ் அதை வாய்விட்டுச் சொன்னான். பிறகு அடித்தான். பாறை நின்றது.

அக்னிவேல் தன் கையைப் பிடித்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். "நீ யாரு?"

"யாரா இருந்தா என்ன," என்றான் கோபிநாத், சாமிக்கண்ணுவாக. "கையை விட்டுராத."

அதற்குள் இன்னொரு சங்கடம். இடிபாட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளை சிக்கியிருந்தது. நிலோஃபர் சாமிக்கண்ணுவின் மறுகையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் மனம் எங்கே முனகுகிறது என்று தேடினாள். பாட்டு போயிற்று, தங்கை போனாள், சாமிக்கண்ணுவோடு பங்கு போட்டுச் சாப்பிட்ட மதியங்கள் போயின. கடைசியில் அவள் பெயர் மட்டும் மிஞ்சியது. இஸ்மத் அதையும் அடித்தாள். பிள்ளை பிழைத்தது. நிலோஃபர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். சாமிக்கண்ணு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்தது, வழக்கு தொடங்கியது.

"என் தாளைப் பாரு," என்றான் ஜெபராஜ். "ஒவ்வொண்ணை அடிக்கும்போதும் நெஞ்சை அறுத்துச்சு. அட்டைப்படம் எனக்குத்தான்."

"உன் பையனுக்கு மிச்சம் இருக்குல்ல? என் பொண்ணு பேரைக்கூட வச்சுக்கலை. நியாயமாச் சொல்லு மாதங்கி," என்றாள் இஸ்மத்.

கோபிநாத் தொண்டையைச் செருமினான். "சாமிக்கண்ணுவையும் சேத்துக்கங்க."

ஜெபராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன் தாள்ல ஒரு கோடுகூட இல்லையேடா! அவ குடுத்த மாதிரியே பளபளன்னு இருக்கு."

"அதனாலதான் கேக்கறேன்."

மாதங்கி மூன்று தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபோன் அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருக்கட்டும். நாம் இங்கே கொஞ்சம் நிற்போம். ஒருவன் தன் அன்பையெல்லாம் கொடுத்தான். ஒருத்தி தன்னையே கொடுத்தாள். ஒருவன் எதையும் கொடுக்கவில்லை. மாதங்கி யார் பெயரைச் சொன்னால் அவள் வாக்குத் தப்பாது?

விடை: சாமிக்கண்ணு. அதிகம் கொடுத்தவருக்கு என்று அவள் சொல்லவில்லை; இழப்பைச் சுமந்து நிற்பவருக்கு என்றுதான் சொன்னாள். நிலோஃபர் கொடுத்ததற்கு ஈடே கிடையாது, ஆனால் முடிவில் அவள் அங்கே நிற்கவில்லை. அக்னிவேல் நின்றான்; ஆனால் விதிப்படி அவனுக்கு ஒரு நாயும் இருந்ததில்லை, ஒரு சிநேகிதனும் இருந்ததில்லை. அறுந்தது ஜெபராஜின் நெஞ்சுதான். அந்த இரண்டு சிநேகத்தையும் ஒரு சொல் குறையாமல் நினைவில் வைத்துக்கொண்டு, தன்னை அடையாளம் தெரியாதவன் கையை விடாமல் நின்றவன் சாமிக்கண்ணு ஒருவனே. மாதங்கி எழுத மறந்த விலையைக் கோபிநாத் தானாகவே கொடுத்து ஆடியிருந்தான். ஃபோனை எடுத்து அவள் சாமிக்கண்ணு பெயரைத்தான் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். "கைகொடுக்கிறது இன்னிக்கு நான்," என்றான். "யாரும் போட்டிக்கு வராதீங்க."